குழந்தையின் அலர்ஜிக்கு ஒரு டாக்டர் போதாதா, எதற்கு இத்தனை பேர்?

தோல் டாக்டர், நெஞ்சு டாக்டர், டயட்டீஷியன் என்று அலைய விடுவது காசு பிடுங்கத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று இடம் ஏறி இறங்கியிருப்பீர்கள், ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். டாக்டர்கள் அதிகமானதால் நாங்கள் கஷ்டப்படவில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததால் கஷ்டப்பட்டோம்.

என் மகனுக்குக் கைக்குழந்தையிலேயே கரப்பான், அப்புறம் வீசிங். தோல் டாக்டர் பால், முட்டை, மீன், கடலை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நெஞ்சு டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு லேபில் ரத்தம் எடுத்து, பக்கம் பக்கமாகச் சிவப்பில் அடித்துக் கொடுத்தார்கள். அரிசிகூட அதில் இருந்தது! பிள்ளைக்கு எடை ஏறவே இல்லை.

கடைசியில் வேறு ஊரில் ஓர் அலர்ஜி டாக்டரும் டயட்டீஷியனும் ஒரே அறையில் உட்கார்ந்து மொத்தக் காகிதத்தையும் படித்தார்கள். அந்த லேப் பார்த்தது ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதத்தை, அது வழக்கமாகச் சாப்பிடும் பொருளுக்கு யாருக்கும் இருக்கும் என்று தூக்கி ஓரமாக வைத்தார்கள். தோலில் குத்திப் பார்க்கும் ப்ரிக் டெஸ்டுக்குச் சில நாள் முன்பே, அரிப்பை அடக்கும் மருந்தான செட்டிரிசினை நிறுத்தியாக வேண்டும். அதைத் தினமும் கொடுக்கச் சொன்னவர் தோல் டாக்டர். அலர்ஜி டாக்டரே அவருக்குப் போன் போட்டுப் பேசினார். வீசிங் அடங்கிய பிறகு, ஆஸ்பத்திரியிலேயே வைத்து ஒவ்வொரு உணவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்ளாதது பால் மட்டும்தான். முட்டையும் மீனும் தட்டுக்குத் திரும்பின.

பாலுக்குப் பதில் கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ், முள்ளோடு நெத்திலி என்று நம் சமையலை வைத்தே அட்டவணை போட்டுக் கொடுத்தார் டயட்டீஷியன். "ஆட்டுப்பால் கொடுக்கலாமே" என்ற என் அத்தையிடம், இரண்டு பாலிலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். நான் சொல்லிக் கேட்காதவர், அவர் சொன்னதும் விட்டுவிட்டார். பாக்கெட் உணவில் பால் இருந்தால் அச்சிட வேண்டும் என்று 2020 லேபிள் விதிமுறையே இருக்கிறது, பார்த்து வாங்கிவிடலாம். இனிப்புக்கடைத் தட்டில் இருப்பதற்கு யார் பொறுப்பு?

அலர்ஜி உயிருக்கே ஆபத்தாகும்போது போடும் அட்ரினலின் ஊசிப் பேனா நம் ஊர் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்காது. அதே மருந்தை ஆம்ப்யூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துத் தொடையின் வெளிப்பக்கம் எப்படிப் போடுவது என்று நர்ஸ்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, டாக்டர் எழுதித் தந்ததை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கூட மிஸ்ஸிடமும் ஆயாவிடமும் ஒரு நகல் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால், எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லவே இல்லை. தூசிக்குத் தும்முகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் உங்கள் வழக்கமான டாக்டரே போதும். தோல், மூச்சு, சாப்பாடு மூன்றும் சேர்ந்து படுத்தினால்தான் இந்தப் பாடு. அப்போதும், எல்லா ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கப்போவது யார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு அலைந்தவள் நான். எந்த வரவேற்பு மேசையிலும் முதல் கேள்வி, "பையனோட அப்பா நம்பர் சொல்லுங்க." அவருக்கு மெசேஜ் வந்தால் அப்படியே எனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, "என்ன இது?" என்று கேட்பார்.