வாசகர் கேள்வி-பதில்: வளர மறுக்கும் ஹோல்டன்

கேள்வி: ஜே.டி.சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. ஹோல்டன் பார்ப்பவர்களை எல்லாம் ‘போலி’ என்று திட்டியபடி நியூயார்க்கில் சுற்றுகிறான். வளர்வது பற்றிய மனப்போராட்டம் என்கிறார்களே, அது கதையில் எங்கே இருக்கிறது?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: அவன் திட்டுவதை விட்டுவிட்டு, என்ன செய்கிறான் என்று பாருங்கள். 1951இல் வெளியான நாவல் இது. கதை நடக்கும்போது அவனுக்கு 16 வயது, சொல்லும்போது 17. ஆறடிக்கு மேல் உயரம். தலையின் வலப்பக்கம் நரைத்திருக்கிறது. ஆனாலும் சில நேரம் 12, 13 வயதுப் பையனைப் போல நடந்துகொள்வதாக அவனே ஒப்புக்கொள்கிறான். ஹோட்டலில் பெரிய மனிதனைப் போல விஸ்கி கேட்கிறான். வயதுக்குச் சான்று கேட்கிறார்கள், கோக்தான் கிடைக்கிறது. அதே இரவில் டாக்சி ஓட்டுநரிடம், குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று கேட்கிறான். இரண்டையும் கேட்பது ஒரே ஆள்தான்.

இதற்கு வேர் தம்பி அல்லியின் சாவு. ஹோல்டனுக்கு 13 வயதாக இருந்தபோது, 11 வயது அல்லி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோகிறான். அன்றிரவு ஹோல்டன் கார் ஷெட்டின் கண்ணாடிகளை வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். அந்தக் கையை இன்றும் இறுக்கி மூட முடியவில்லை. தம்பியின் பேஸ்பால் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதை வரிகள். பந்து வராத நேரத்தில் மைதானத்தில் நின்று படிப்பதற்காக அல்லி எழுதி வைத்தவை. அல்லிக்கு இனி என்றும் 11 வயதுதான். தான் மட்டும் வளர்வதை ஹோல்டனால் தாங்க முடியவில்லை என்றே நான் படிக்கிறேன்.

அருங்காட்சியகப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அங்கே எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும், மாறுவது பார்க்கப் போகிற நாம்தான் என்று உருகுகிறான். ஆனால் அன்று வாசல்வரை போனவன் உள்ளே நுழையவில்லை! பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது. உள்ளே போனால், அவன் மாறிப்போனது அவனுக்கே தெரிந்துவிடும்.

தலைப்புக்குக் காரணமான, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாட்டையும் அவன் தவறாகத்தான் நினைவு வைத்திருக்கிறான். ‘சந்தித்தால்’ என்ற சொல் அவன் மனதில் ‘பிடித்தால்’ என்று பதிந்திருக்கிறது. மலைவிளிம்பில் விளையாடும் குழந்தைகள் விழாமல் பிடிப்பவனாக இருக்க ஆசைப்படுகிறான். தங்கை ஃபீபிதான் அந்தச் சொல்லைத் திருத்துகிறாள். கடைசியில் அவள் குடைராட்டினத்தில் தங்க வளையத்தை எட்டிப் பிடிக்க முயலும்போது, விழுந்துவிடுவாளோ என்று பயந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். போராட்டம் இளகுவது இங்கேதான். ஆனால் தேர்வில் ‘முதிர்ச்சி அடைந்துவிட்டான்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இனி ஒழுங்காகப் படிப்பாயா என்ற கேள்விக்கு, செய்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்பதுதான் கடைசி அத்தியாயத்தில் அவனுடைய பதில்.

கேள்வி: நான் எழுதும் நாவலில் 14 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் மனதைச் சொல்லும் இடமெல்லாம் கட்டுரை போல இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘இனம்புரியாத ஏக்கம்’, ‘குழப்பமாக இருந்தது’ போன்ற சொற்களைப் பென்சிலால் அடித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். காட்சி நிற்கவில்லை என்றால் அவள் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டு எதிரெதிர் ஆசைகளை அதன்மேல் ஏற்றுங்கள். கொலுசு என்று வைத்துக்கொள்வோம். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சண்டை போட்டுக் கழற்றுகிறாள். அன்றிரவு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். சில அத்தியாயங்கள் கழித்துத் தங்கை அதைப் போட்டுக்கொண்டு ஓடும்போது அடித்துவிடுகிறாள். இந்த மூன்று இடமே போதும், நான்காவது வேண்டாம். முக்கியமாக, ஏன் அடித்தாள் என்று நீங்கள் விளக்கம் எழுதாதீர்கள். அவளுக்கே அது தெரியாது.