விபத்துக்குப் பின் இரண்டு வழக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலையில் எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட், மதியம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றம். என் வேலை நாள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. முதலாவதில் இடித்தவருக்குத் தண்டனை உண்டா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் அடிபட்டவருக்குப் பணம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்த குழப்பம். மீதி, எந்த ஊர்ச் சட்டம் யாருக்கு என்ற குழப்பம்.

என் கணவர் வேளச்சேரியில் பைக்கில் போகும்போது சரக்கு வேன் இடித்து, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. போலீசில் சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார்கள். வேன் டிரைவர் வீட்டுக்கு வந்து, 60,000 ரூபாய் தருகிறேன், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா சார்?

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. அந்தப் பேப்பரில் "எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டப்போவது அதைத்தான். உங்களுக்கு வர வேண்டிய இழப்பீடு டிரைவர் பாக்கெட்டிலிருந்து வருவது அல்ல, வேனின் இன்சூரன்சிலிருந்து வருவது. மூன்றாம் நபரின் உயிருக்கும் உடல் காயத்துக்கும் நம் சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு கிடையாது.

அடுத்தது சி.எஸ்.ஆர். இது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் வழக்கம். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அதை வைத்து இழப்பீட்டு வழக்கை நகர்த்துவது மிகவும் கஷ்டம். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. அங்கே போய், பி.என்.எஸ். சட்டத்தின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281, 125(பி) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஆரம்ப விசாரணை நடக்கிறது என்று சொன்னால், அதற்குப் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் கொடுப்பது 14 நாள்தான். அதற்கு மேலும் பதியவில்லை என்றால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதியிருப்பார்கள், ஏ.ஆர். காப்பி என்போம். கூட வந்த யாரோ ஒருவர் பதற்றத்தில் "வண்டி சறுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லியிருந்தால் டாக்டர் அதையே எழுதியிருப்பார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வேன் இடிக்கவே இல்லை என்று இரண்டு வருஷம் கழித்து வாதாடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்றே அந்தக் காப்பியை வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால், நேரில் பார்த்தவரின் வாக்குமூலமும் பக்கத்துக் கடையின் கேமரா பதிவும் இப்போதே போலீஸ் கையில் சேர வேண்டும். கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்.

கடைசியாகக் கெடு. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கெடு திரும்பி வந்திருக்கிறது. "கிரிமினல் கேஸ் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

எனக்கு 32 வயது. தையல் வேலை செய்கிறேன். விபத்தில் வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. 30 சதவீதத்துக்குத்தான் பணம் வரும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. கையில் எத்தனை சதவீதம் போச்சு என்பது ஒரு கணக்கு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போச்சு என்பது வேறு கணக்கு. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. ஒரு தமிழாசிரியருக்கு விரல் மடங்காவிட்டாலும் பாடம் நடத்த முடியும். தையல்காரருக்கு அப்படி இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் வருமானம் என்று நிரூபித்ததாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், நாற்பது வயதுக்குக் கீழே என்பதால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 28,000. வருடத்துக்கு 3,36,000. வயதுவாரியாக நீதிமன்றங்கள் பின்பற்றும் பட்டியலில் உங்கள் வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 53,76,000. இதில் 30 சதவீதம் என்றால் 16,12,800. தொழில் இழப்பு 50 சதவீதம் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 26,88,000. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல்.

ஆகவே டாக்டரைச் சாட்சிக் கூண்டில் வைத்து "இந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா" என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். வருமானத்துக்குச் சம்பள ரசீது இல்லை என்று கவலைப்படாதீர்கள். பேங்க் பாஸ்புக், ஜிபேயில் வாடிக்கையாளர் அனுப்பிய பணம், துணிக்கடை பில், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கார் நிறுத்துவதில் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் என் அம்மாவைத் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு முறிந்தது. எஃப்.ஐ.ஆரில் பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 4 என்றும் இருக்கிறது. புதிய மத்திய சட்டம் வந்த பிறகு மாநிலச் சட்டம் செல்லாது என்கிறார் எங்கள் சித்தப்பா.

செல்லும். 2024 ஜூலை 1 முதல் மாறியது இந்திய தண்டனைச் சட்டம், குற்ற நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும்தான். குற்றவியல் சட்டம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் தனியாக இயற்றியவை அப்படியே நிற்கின்றன. நீங்கள் சொல்லும் சட்டம் 1998-இல் வந்தது. சென்னையில் சாலையில் நடந்த ஈவ் டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது. பெண்ணுக்கு அச்சமோ அவமானமோ உண்டாகும்படி ஓர் ஆண் நடந்துகொள்வது, அடிப்பது, பலப்பிரயோகம் செய்வது எல்லாம் அதில் அடங்கும். தள்ளியது பக்கத்து வீட்டு அம்மா என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது.

ஒரே தள்ளலுக்கு இரண்டு சட்டம் எப்படி என்று தோன்றலாம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், பி.என்.எஸ். 117-இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மாநிலச் சட்டம் அதோடு சேரும்போது காவல் நிலையத்திலேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு போக முடியாத வழக்காக அது ஆகிறது. தமிழ்நாட்டில் அக்கம்பக்கத்துச் சண்டை எஃப்.ஐ.ஆர்.களில் இந்த வரி அடிக்கடி தென்படுவதற்கு இதுவே காரணம். அதனாலேயே எதிர்த் தரப்பும் தன் வீட்டுப் பெண்களை முன்னிறுத்தி எதிர்ப் புகார் கொடுக்கும், தயாராக இருங்கள். நடந்ததை நடந்தபடி மட்டும் சொல்லுங்கள். நடக்காத ஒரு வார்த்தையைச் சேர்த்தாலும் குறுக்கு விசாரணையில் அம்மாவின் முறிந்த மணிக்கட்டே பொய்யாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இழப்பீடு? வாகன விபத்துக்கு இருப்பதுபோல் இதற்குத் தனித் தீர்ப்பாயம் இல்லை. சிவில் வழக்குதான் போட வேண்டும். அதற்கான கோர்ட் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017-இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு லட்சம் கேட்டால் 3,000 ரூபாய். கிரிமினல் கோர்ட்டும் தண்டனையோடு சேர்த்து இழப்பீடு தரச் சொல்லலாம். அதைக் கேட்க வேண்டும் என்று அரசு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திருப்பதி போய்த் திரும்பும்போது ஆந்திர எல்லைக்குள் லாரி இடித்து அண்ணன் இறந்துவிட்டார். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். அண்ணிக்குச் சின்னக் குழந்தை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆந்திரா போக முடியாது.

அண்ணி போக வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கு குற்றம் நடந்த இடத்து நீதிமன்றத்தில்தான் நடக்கும், அதை எளிதில் மாற்ற முடியாது. ஆனால் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில், அல்லது மனுதாரர் குடியிருக்கும் இடத்தில், அல்லது எதிர்மனுதாரர் இருக்கும் இடத்தில் போடலாம் என்று 166(2) சொல்கிறது. சென்னையிலேயே போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம், பெருக்கல் கணக்கு இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான்.

ஒருமுறை மட்டும் வீட்டில் யாராவது போய் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கி வர வேண்டும். அவற்றில் சில தெலுங்கில் இருக்கும். மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்வதில் மாதக்கணக்கில் நேரம் போகிறது, அதனால் முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். அங்கே லாரி டிரைவர் விடுதலை ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டாலும் மனம் தளராதீர்கள். தண்டனை கொடுக்கச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவை. இழப்பீட்டுக்கு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

என் 17 வயது மகன் அவன் அப்பாவின் ஸ்கூட்டரில் ஒரு பெரியவரை இடித்துவிட்டான். இடுப்பெலும்பு முறிவு. ஓட்டியது அப்பா என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.

வேண்டாம் அம்மா. தெருவுக்கு நான்கு கேமரா இருக்கும் ஊரில் இது ஒரு நாள்கூட நிற்காது. குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுத்தார் என்று புது வழக்கு உங்கள் கணவர் மேல் வரும்.

உள்ளது உள்ளபடி போனால், பையன் வழக்கு கெல்லீஸில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே நோக்கம் அவனைத் திருத்துவது, சிறைக்கு அனுப்புவது அல்ல. பெரிய அடி உங்களுக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் எடுத்துப் போனான் அல்லது நாங்கள் தடுக்க முயன்றோம் என்பதை நிரூபித்தால் தப்பிக்க வழி உண்டு. சாவி எங்கே இருந்தது என்பதிலிருந்து கேட்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பெரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உங்கள் கணவரிடமிருந்து வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம்.

அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். அது வழக்குக்காக அல்ல.

மகன் டல்லஸில் வேலை பார்க்கிறான். சிக்னலில் விபத்து, தோள்பட்டை முறிவு. அவனுக்கே போலீஸ் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகள், "எவ்வளவு தப்பு உன் மேல் இருந்தாலும் பணம் வரும்" என்கிறாள்.

அவள் சொல்வது அவள் மாநிலத்துக்குச் சரி. கலிபோர்னியாவில் உங்கள் மகன் மேல் 70 சதவீதத் தவறு என்றாலும் மீதி 30 சதவீதத்துக்கு இழப்பீடு உண்டு. டல்லஸ் இருக்கும் டெக்சாஸில் தவறு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு டாலரும் கிடையாது. வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, அலபாமா இன்னும் கடுமை. அங்கே கொஞ்சம் தவறு இருந்தாலே வழக்கு விழுந்துவிடலாம். அமெரிக்காவில் விபத்துச் சட்டம் அந்தந்த மாநிலத்தின் சொந்தச் சொத்து, நம்மைப் போல ஒரே மத்திய சட்டம் கிடையாது.

அதனால் அந்த டிக்கெட்டை ஆன்லைனில் பணம் கட்டி முடிக்க வேண்டாம் என்று இன்றே போன் செய்து சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது இழப்பீட்டு வழக்கில் திரும்பி வரலாம். அங்குள்ள வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும். டெக்சாஸில் காயத்துக்கு வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. இடித்தவர் குறைந்தபட்ச இன்சூரன்ஸ்தான் வைத்திருந்தால் ஒரு நபரின் காயத்துக்கு 30,000 டாலரோடு நின்றுவிடும். அந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லுக்கு அது எந்த மூலைக்கு? மகனின் சொந்த பாலிசியில், எதிராளியின் காப்பீடு போதாவிட்டால் ஈடுகட்டும் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிக்கெட்டைத் தாண்டிக் குடிபோதை போன்ற குற்றச்சாட்டு ஏதாவது இருந்தால், குடியுரிமை இல்லாதவருக்கு விசாவே ஆபத்தில் போகும். ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று கிரிமினல் வக்கீல் எச்சரிக்க வேண்டும் என்பது 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை, அதனால் இழப்பீடே கிடையாது என்கிறது இன்சூரன்ஸ். கால்தான் உடைந்தது.

காலுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு விதியை மீறியதாலேயே விபத்துக்கு நீங்களும் காரணம் ஆகிவிட மாட்டீர்கள். பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. தலைக்காயம் என்றால் ஒரு பகுதி குறையலாம். 1,000 ரூபாய் அபராதம் தனி விஷயம். சட்டம் மத்திய அரசுடையது, போலீஸ் அந்த இடத்திலேயே வசூலிக்கும் தொகையை மாநிலம் அறிவிக்கிறது. தமிழ்நாடு அதை உயர்த்தியது 2022 அக்டோபரில்.

இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை. அப்பா இறந்துவிட்டார். எங்கே போவது?

அடையாளம் தெரியாத வாகனம் என்றால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. முன்பு மரணத்துக்கே 25,000 ரூபாயாகத்தான் இருந்தது. மனுவை விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் கொடுக்க வேண்டும், கோர்ட்டில் அல்ல. எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் உடன் வையுங்கள். வண்டி பிறகு பிடிபட்டால் முழு இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் போகலாம், வாங்கிய தொகையை மட்டும் அதில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே விசாரணை அதிகாரியிடம் மாதம் ஒருமுறையாவது போய், சுங்கச்சாவடி கேமரா பதிவைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.