மட்டு மதிப்பைத் தூரம் என்று ஏன் பார்க்க வேண்டும்?

"குறை எண் என்றால் குறியை நீக்க வேண்டும், மிகை எண் என்றால் அப்படியே விட வேண்டும், மட்டு மதிப்பு அவ்வளவுதானே, இதில் எண்கோடும் தூரமும் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். −7 போன்ற எண் கண்முன் இருக்கும்வரை அந்த விதி போதும். எண் இருந்த இடத்தில் எழுத்து வந்துவிட்டால் அது தடுமாறத் தொடங்கும்.

தெரியாத எண்ணை அ என்றும், அதன் மட்டு மதிப்பை |அ| என்றும் குறித்துக்கொள்கிறேன். அ-வின் முன்னால் குறி இல்லை என்பதால் அது மிகை எண் ஆகிவிடாது; −அ என்பதும் எப்போதும் குறை எண் அன்று, ஏனெனில் அ = −7 எனில் −அ = 7. "அ < 0 எனில் |அ| = −அ" என்ற வரையறையைப் பார்க்கும் மாணவர்கள், மட்டு மதிப்புக்குள் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்று திகைப்பது இதனால்தான்.

எண்கோட்டில் |அ| என்பது அ என்ற புள்ளிக்கும் பூச்சியத்துக்கும் இடையே உள்ள தூரம். |அ − 3| என்பது அ-வுக்கும் 3-க்கும் இடையே உள்ள தூரம். இரண்டாவதைத்தான் நான் அடிப்படையாகக் கொள்வேன், முதலாவது அதன் ஒரு வகை மட்டுமே. |அ + 4| என்பதை |அ − (−4)| என்று எழுதிப் பார்த்தால் அது −4-இலிருந்து உள்ள தூரம் என்பது விளங்கும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு +4-இல் புள்ளி வைக்கிறார்கள்.

இனி |அ − 3| < 5 என்பதற்கு மனப்பாடம் தேவையில்லை. 3-இலிருந்து 5 அலகுக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் எண்கள் −2-க்கும் 8-க்கும் இடையே ஒரே துண்டாக அமைகின்றன. குறியை மாற்றி |அ − 3| > 5 என்றால் அத்துண்டுக்கு இருபுறமும் வெளியே போக வேண்டும், ஆகவே விடையில் "அல்லது" வருகிறது. |அ − 1| = −2 என்பதற்குத் தீர்வு இல்லை, தூரம் குறை எண்ணாக இருக்க முடியாது.

லேத் பட்டறையில் ஓர் உருளையின் விட்டம் 50 ± 0.02 மி.மீ. இருக்க வேண்டும் என்று வரைபடம் சொன்னால், அது |அ − 50| ≤ 0.02 என்பதேதான். (விட்டம் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்துவிடலாம், குறைந்துபோனால் துண்டே வீண், எந்தப் பக்கம் பிழை என்பதை மட்டு மதிப்பு சொல்லாது.)

இந்தப் பார்வையின் உண்மையான பலன் இரண்டு தூரங்கள் சேரும்போது தெரியும். |அ − 2| + |அ − 7| = 5 என்பதை மூன்று நிலைகளாக (அ 2-க்குக் கீழே, 2-க்கும் 7-க்கும் இடையே, 7-க்கு மேலே) பிரித்துத் தீர்க்கலாம்; நடு நிலையில் 5 = 5 என்று வந்து நிற்கும்போது எங்கோ தவறிவிட்டதாகவே பலருக்குத் தோன்றும். எண்கோட்டில் பார்த்தால், 2-க்கும் 7-க்கும் இடையே எங்கு நின்றாலும் இரு முனைகளுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் 5 தான் வரும், எனவே அத்துண்டில் உள்ள எல்லா எண்களும், முனைகள் உட்பட, தீர்வுகள். வலப்பக்கம் 3 இருந்தால் தீர்வே கிடையாது. 9 இருந்தால் ஒவ்வொரு முனையையும் தாண்டி 2 அலகு வெளியே சென்று 0, 9 என்ற இரண்டு விடைகளைப் பெறுவோம்.

இன்று நாம் போடும் இரண்டு செங்குத்துக் கோடுகளை 1841-இல் ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ் பயன்படுத்தினார். அதே குறியீடு கலப்பெண்களுக்கும் (கோட்டில் அன்றி ஒரு தளத்தில் புள்ளிகளாகக் குறிக்கப்படும் எண்கள்) அப்படியே பொருந்துகிறது: அங்கே மிகை, குறை என்ற பிரிவே இல்லாததால் நீக்குவதற்குக் குறி கிடையாது, ஆனால் தளத்தில் ஆதிப்புள்ளியிலிருந்து தூரம் இருக்கிறது.

ஆனால் எல்லாக் கணக்குக்கும் படம் வரைந்துகொண்டிருக்க முடியாது. |அ² − 4| < 3 என்பதில் 4-இலிருந்து தூரம் அளக்கப்படுவது அ² தானே தவிர அ அன்று. ஆகவே அ² என்பது 1-க்கும் 7-க்கும் இடையே என்று முதலில் கண்டு, பிறகுதான் அ-வுக்கு வர வேண்டும். |அ − 2| = 2அ − 1 போல வலப்பக்கத்திலும் தெரியாத எண் வந்தால், தூரமே அ-வுடன் சேர்ந்து மாறுவதால், நிலைகளாகப் பிரிப்பதே நேரான வழி. அப்படிப் பிரித்தால் −1, 1 என்று இரண்டு எண்கள் கிடைக்கும்; −1-ஐ இட்டால் வலப்பக்கம் −3 ஆவதால் அதை விலக்கிவிட்டு, 1-ஐ மட்டும் விடையாகக் கொள்ள வேண்டும்.