சாக்லேட் நிறமும் செவத்த பிள்ளையும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவான்கள். அத்தை மகளுக்கு என்னைக் கேட்டபோது, 'பெறக்கிற பிள்ளையும் இவன மாரி வந்துட்டா?' என்று அத்தையே சொன்னாள். இப்போது மான்செஸ்டரில் வேலை. இங்கே ஒரு வெள்ளைக்காரியோடு எட்டு மாதம் பழகினேன். உன் உடம்பு சாக்லேட் மாதிரி இருக்கிறது என்பாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடி பார்க்கப் பிடித்தது. பிறகு ஒருநாள் தோழிகள் முன்னால், 'உங்க ஊர்ல காமசூத்திரத்தை ஸ்கூல்லயே சொல்லித் தருவாங்களாமே' என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு முன்னால் அவள் பழகியது ஒரு நைஜீரியனோடும் ஒரு பிரேசில்காரனோடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விலகிவிட்டேன். இப்போது அம்மா பெண் பார்க்கிறாள். 'செவத்த பிள்ளையா பாரும்மா' என்று நான்தான் சொன்னேன். சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. ஆசைப்படுவதற்குமா அரசியல் பார்க்க வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அரசியல் பார்க்காமல்தானே ஆசைப்பட்டீர்கள், பிறகு ஏன் தூக்கம் வரவில்லை?

கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் 1925இல் பிறந்த ஃப்ரான்ஸ் ஃபனான் என்ற கறுப்பின மனநல மருத்துவர், 1952இல் வந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் இந்த விஷயத்துக்கென்றே அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். வெள்ளைக்காரி தன்னை விரும்பும்போது கறுப்பன் அதை ஒரு சான்றிதழாக வாங்கிக்கொள்கிறான். வெள்ளையனுக்குக் கிடைப்பது எனக்கும் கிடைக்கிறது, அப்படியானால் நானும் வெள்ளையன்தான். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்றது இதற்காகத்தான். இதை எழுதிய ஃபனான் கட்டிக்கொண்டதும் ஒரு பிரெஞ்சு வெள்ளைப் பெண்ணைத்தான். அதைச் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அவர் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் ஒளிந்து வருகிற கணக்கைத்தான் எழுதினார்.

நிறம் தாண்டி ஆசைப்படுவதே பெரிய புரட்சி என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் வர்ஜீனியாவை. ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பன் வழிதான். 1662இல் அதைத் திருப்பிப்போட்டு, பிறக்கிற பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று சட்டம் போட்டார்கள். அடிமைப் பெண்ணிடம் எஜமானனுக்குப் பிறந்த பிள்ளையும் எஜமானனின் சொத்து. ஆசையும் தீர்ந்தது, வயலுக்கு ஆளும் கூடியது. அதே வர்ஜீனியாவில் 1958இல், முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட ஒரு வெள்ளை ஆணையும் கறுப்புப் பெண்ணையும் நடுராத்திரியில் படுக்கையறைக்குள் புகுந்து பிடித்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்ள அங்கே இருந்த தடையை 1967இல்தான் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. முந்நூறு வருஷமாக அங்கே சிக்கல் படுக்கை இல்லை, தாலி. நம் ஆற்றுப்பாசன ஊர்களின் பண்ணைக் கதைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையில் வேலை செய்கிறவள் கையால் தண்ணீர் குடித்தால் தீட்டு, மற்றதற்கு இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டு மாதம் பழகியவள் கடைசிவரை 'வெள்ளைக்காரி'தான். எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார், ஒன்றுமே இல்லை. என்னிடம் எதற்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய பழைய சிநேகிதர்களின் நாடு மட்டும் சரியாக எழுதியிருக்கிறீர்களே. அவளுக்கு நீங்கள் சாக்லேட். உங்களுக்கு அவள், அத்தைக்குச் சொல்ல வைத்திருந்த பதில்.

முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்காமல் உங்கள் ஊரில் வளர்ந்திருக்க முடியாது. பிராமணன். காட்டுவழியில் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மயங்கிப் பின்னாலேயே போகிறான். அவர்கள் பயந்து அப்பனிடம் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை நாம் கவனிப்பதே இல்லை. மேலே இருப்பவன் ஆசைப்பட்டால் கீழே இருப்பவளுக்கு முதலில் வருவது வெட்கமா, பயமா? வாலப்பகடைக்கும் அவனை நம்ப முடியவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, என்னைப்போலச் செருப்புத் தை, பிறகு பெண் கேள் என்கிறான். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான்.

காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஒரு ஆடி அமாவாசைக்குப் போயிருந்தேன். முத்துப்பட்டன் அங்கே பட்டவராயன் என்கிற சாமி. அவன் சந்நிதியில் நேர்ச்சைச் செருப்புகள் தொங்குகின்றன. என் முழங்கை நீளம், முரட்டுத் தோல், புதுத் தோலின் கார வாசம். வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் செருப்பைக் கும்பிடுகிறோம். பக்கத்தில் நின்ற பெரியவர், 'போன வருசம் போட்டத எடுத்துப் பாரும், அடி தேஞ்சிருக்கும். பட்டன் ராத்திரி போட்டுட்டு நடக்கான்லா' என்றார்.

ஆனால் பாட்டைக் கேட்ட ஊர் சும்மா இருந்ததா? பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று முன்னால் ஒரு கதையை ஒட்டிவிட்டார்கள். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை இதைப் பிற்சேர்க்கை என்றார். பாவம் பட்டன். பூணூலை அறுத்து, தோல் தைத்து, கடைசியில் அவனுக்கே தெரியாமல் சொந்தச் சாதியில் பெண் கட்டியிருக்கிறான்.

மான்செஸ்டரில் அவள் உங்களுக்காக எதை அறுத்தாள், நீங்கள் எதை அறுத்தீர்கள் என்று வாலப்பகடை கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. எட்டு மாதம் அதற்குப் போதாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தரகரிடம் கொடுத்த குறிப்பில் நிறத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிடச் சொல்லுங்கள். அம்மா உடனே, 'அப்ப கறுத்த பிள்ளையா பாக்கவால?' என்பாள். ரோஷத்தில் 'ஆமா' என்று சொல்லிவைக்காதீர்கள், அதுவும் நிறம் பார்ப்பதுதான். போட்டோவை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஊருக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் நிறத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அதையும் கேட்கத் தயாராகப் போங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி