கேசட் கடை பதில்கள்

வேலூர் லாங் பஜார் அருகே ஒலிப்பதிவுக் கடை நடத்தியவர், இசை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கிம் லிப் என்ற கொரியப் பாடகியின் ‘எக்ளிப்ஸ்’ 2017 மே மாதம் வந்தது. அவருடைய லூனா குழு அறிமுகமானதோ 2018 ஆகஸ்டில். குழுவே இல்லாதபோது குழுப் பாடகிக்குத் தனிப்பாடல் எப்படி? ஆண்டைத் தவறாகச் சொல்கிறேன் என்று விடுதித் தோழிகள் கேலி செய்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, காட்பாடி

ஆண்டு சரிதான். பந்தயம் கட்டியிருந்தால் தயங்காமல் வசூலித்துவிடுங்கள்.

லூனாவின் கொரியப் பெயருக்கே ‘இந்த மாதத்துப் பெண்’ என்று பொருள். மாதம் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்துவது, ஆளுக்கொரு பாட்டும் காணொளியும் தருவது, பன்னிரண்டு பேரும் வந்த பிறகு குழுவை மேடையேற்றுவது என்பது திட்டம். 2016 அக்டோபரில் ‘விவிட்’ பாட்டோடு முதலில் வந்தவர் ஹீஜின். அப்போது அவருக்குப் பதினாறு வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. உங்கள் கிம் லிப் ஆறாவது. கடைசியாக ஒலிவியா ஹே 2018 மார்ச்சில் வந்தார். மாதம் ஒருவர் என்றார்களே தவிர, பன்னிரண்டு பேருக்குப் பதினெட்டு மாதம் பிடித்தது. ‘நாளைக்குக் கட்டாயம் தருகிறேன்’ என்று வாடிக்கையாளரை அனுப்பிவைத்த எனக்கு அதில் குறை சொல்ல வாயில்லை.

இந்த வரிசை நமக்குப் புதிதும் அல்ல. படம் வருவதற்குப் பல வாரம் முன்பே பாட்டு கேசட் கடைக்கு வந்துவிடும். கதாநாயகன் யார் என்றுகூடத் தெரியாமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கியவர்கள் இந்த ஊரில் ஏராளம். படம் ஓடாமல் போய், பாட்டு மட்டும் தங்கியதும் உண்டு.

லூனாவில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம் வேறு. ஒவ்வொரு பெண்ணின் தனி வெளியீட்டிலும் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு பாட்டு இருக்கும். இரண்டாவதாக வந்த ஹியுன்ஜினின் வெளியீட்டில் அவரும் ஹீஜினும் சேர்ந்து பாடினார்கள். மூன்றாவதாக ஹாசுல் வந்தபோது மூவரும் சேர்ந்தார்கள். முன்னால் வந்தவரைக் கேட்டவர்கள் புதியவரையும் கேட்டாக வேண்டும். வியாபாரம்தான், ஆனால் நாகரிகமான வியாபாரம். அந்த ஹாசுலின் காணொளியைப் படம்பிடிக்க ஐஸ்லாந்து வரை போனார்கள். இன்னும் அறிமுகமே ஆகாத குழுவுக்கு!

லூனாவின் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் பாடுவது போலத்தான் என் காதில் விழுகிறது. என் மகளோ, ‘இது கிம் லிப், இது ச்சூ’ என்று நெல்லையும் பதரையும் பிரிப்பதுபோலப் பிரிக்கிறாள். பாசாங்கா?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பாசாங்கு இல்லையம்மா. அவள் தனிப்பாடல்களை முதலில் கேட்டிருக்கிறாள், நீங்கள் குழுப்பாடலில் தொடங்கியிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுப்பாடல் சுமார் இருநூறு விநாடி. பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு விநாடி. அதிலும் பல்லவியைக் கூட்டமாகப் பாடியது போக, ஒருத்திக்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிய காரியம். அந்த இரண்டு வரியில் யார் குரலை யார் கண்டுபிடிப்பது? தனிப்பாடலில் அதே பெண்ணுக்கு மூன்றரை நிமிடம். எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்த இடத்தில் குரல் மெலிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

‘எக்ளிப்ஸ்’ பாட்டை என் பழைய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டேன். கைப்பேசியில் கேட்டால் பாதிதான் காதுக்கு வரும். கீழே பாஸ், அதாவது தாழ்ந்த ஸ்தாயி ஒலி, கனமாக நடக்கிறது. அதன் மேல் கிம் லிப் காற்றுக் கலந்த குரலில் பாடிக்கொண்டுபோய், பல்லவியில் மேல் ஸ்தாயியை அழுத்தாமல் தொடுகிறார். நம் மேடைகளில் மேல் ஸ்தாயி என்றால் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் அதை விட்டு விலகி நிற்பது அழகாகவே இருக்கிறது. அடுத்து ச்சூவின் ‘ஹார்ட் அட்டாக்’ கேளுங்கள். அந்தக் குரல் படியில் துள்ளி இறங்கும். இரண்டையும் கேட்டுவிட்டுக் குழுப்பாடலுக்குப் போனால், மகளுக்கு முன்பே நீங்கள் பெயர் சொல்லிவிடுவீர்கள்.

பன்னிரண்டும் தேறுமா என்றால், தேறாது. மூன்று நான்கு பாட்டு வெறும் சர்க்கரைப் பாகு. எவை என்று சொன்னால் உங்கள் வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

எல்லாக் கொரியக் குழுக்களும் இப்படித்தான் செய்கின்றனவா?
– வாசகர், குடியாத்தம்

இல்லை. பெரும்பாலும் குழு முதலில், தனிப்பாடல் பல ஆண்டு கழித்து. பிளாக்பிங்க் குழு 2016-ல் வந்தது, ஜென்னியின் தனிப்பாடல் 2018-ல்தான் வந்தது. விதிவிலக்காக இன்னொருவர் சோயோன். 2017 நவம்பரில் ‘ஜெல்லி’ என்று தனிப்பாடல் தந்தார், அவருடைய ஐடில் குழு 2018 மே மாதம் வந்தது. ஆனால் காரணம் வேறு. தொலைக்காட்சிப் போட்டிகளால் சோயோன் ஏற்கெனவே தெரிந்த முகம். அந்த முகம் மறப்பதற்குள் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. லூனாப் பெண்களுக்கோ தங்களை யாரென்று சொல்லவே பாட்டு வேண்டியிருந்தது.

உங்களுக்குக் கொரிய மொழி புரியுமா?
– வாசகர், ஆம்பூர்

புரியாது. உங்கள் ஊரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்தவர்களுக்குக் கஜல் பதிவு செய்து கொடுத்தபோது உருதுவும்தான் புரியவில்லை. யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய லூனா குழு இப்போது எங்கே?
– தோல் தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

கலைந்துவிட்டது. 2022 நவம்பரில் ச்சூவை நிறுவனம் நீக்கியது. மற்றவர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கக் கோரி நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் கிம் லிப் உட்பட நால்வருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது, ஜூனுக்குள் மற்றவர்களும் விடுபட்டார்கள். கிம் லிப், ஹீஜின் உள்ளிட்ட ஐவர் ஆர்ட்டெமிஸ் என்ற குழுவாகவும், வேறு ஐவர் லூசெம்பிள் என்ற குழுவாகவும் சேர்ந்தார்கள். ச்சூவும் ஈவும் தனியே பாடுகிறார்கள். குழுவின் பெயர் பழைய நிறுவனத்தோடு நின்றுவிட்டது. ‘எக்ளிப்ஸ்’ பாடியவர் யார் என்று கேட்டால் மட்டும் இன்றும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். தனிப்பாடலை முன்னால் வைத்ததில் அந்தப் பெண்களுக்கு மிஞ்சிய லாபம் அது. நிறுவனம் அதை எண்ணிச் செய்திருக்காது.

என்னிடம் ஓடுகிற கேசட் டெக் ஒன்று இருக்கிறது. இந்தப் பன்னிரண்டு தனிப்பாடலும் ஓர் அறுபது நிமிட கேசட்டில் அடங்குமா? பேத்தியின் பிறந்த நாளுக்குக் கொடுக்க ஆசை.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தொரப்பாடி

தாராளமாக. பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்தால் மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம். முதல் பக்கத்தில் எட்டு, ஹீஜின் தொடங்கி, எட்டாவதாக வந்த ‘சேரி’ என்ற பெண் வரை. இருபத்தெட்டு நிமிடம் ஆகும், கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாது. மறுபக்கத்தில் ஈவ், ச்சூ, கோ வோன், ஒலிவியா ஹே. அதன்பின் பதினாறு நிமிடம் காலியாக இருக்கும். அதில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து பாடிய 2018-ஆம் ஆண்டு ‘ஹை ஹை’, ‘ஃபேவரிட்’ இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பதிவுக்கு முன் டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ஒலியளவு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் அளவைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ‘எக்ளிப்ஸ்’ பாட்டின் பாஸ் இரையும். பேத்தியிடம் கேசட் ஓட்டும் கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா.