செத்த ஆட்டைத் தொட்ட பையனுக்குக் கையில் கறுப்புப் புண்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று மேயும்போதே விழுந்து செத்தது. அதை அறுத்துக் கூறு போட்டார்கள். தோல் உரிக்கும்போது இவனும் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். நாலு நாள் கழித்து மணிக்கட்டில் கொசுக்கடி போல ஒரு பரு. இப்போது நடுவில் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருக்கிறது. வலி, காய்ச்சல் இல்லை. கட்டி என்று களிம்பு கொடுத்தார்கள். பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: இன்றே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். போனதும் முதலில் ஆடு செத்த கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் ஆந்த்ராக்ஸ் நினைவுக்கு வராது. ஆடுமாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான் அது. வேலூர், சித்தூர் பக்கத்துக்குப் புதிதல்ல.

சாதாரணக் கட்டி என்றால் பையன் தொடவே விடமாட்டான். இந்தப் புண் முதலில் அரிக்கும், நீர் கோத்துக்கொள்ளும், பிறகு கரி போலக் கறுத்த பொருக்காகும்; வீக்கம் புண்ணைவிடப் பெரிதாக இருக்கும், வலி மட்டும் இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. உண்ணிக் காய்ச்சலிலும் கறுப்புப் பொருக்கு வரும். ஆனால் அது பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில், காய்ச்சலோடு வரும், இவ்வளவு வீங்காது.

2001-ல் நியூயார்க்கில் 7 மாதக் குழந்தைக்குக் கையில் வந்த ஆந்த்ராக்ஸ் புண்ணை முதலில் சிலந்திக்கடி என்றே நினைத்தார்கள். இரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதித்தது, குழந்தை பிழைத்துக்கொண்டது. அதனால் புண் சிறியதாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன்.

புண்ணிலிருந்து மாதிரி எடுத்த பிறகு மருந்தைத் தொடங்குவது நல்லது. ஆனால் பரிசோதனை முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. எடைக்கேற்ற அளவில் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது டாக்சிசைக்ளின். அமாக்சிசிலினுக்குக் கிருமி கட்டுப்படும் என்று பரிசோதனையில் தெரிந்தால் அதுவே போதும். டாக்சிசைக்ளின் பல்லைக் கெடுக்கும் என்று பயமுறுத்துவார்கள். சில நாள் கொடுப்பதால் அப்படி ஆகாது. தோலோடு நின்றால் 7 முதல் 10 நாள் சிகிச்சை. இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 60 நாள் கணக்கு, கிருமியின் வித்துகளை (கெட்டியான உறையோடு உறங்கிக் கிடக்கும் கிருமி) சுவாசித்தவர்களுக்கானது. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 20 பேர் வரை இறக்கலாம், சிகிச்சை எடுத்தால் ஒருவர்கூட அரிது.

புண்ணைக் கீறவோ பிதுக்கவோ யாரையும் விடாதீர்கள். கிருமி செத்த பிறகும் பொருக்கு இரண்டு மூன்று வாரம் இருந்துதான் உதிரும். மருந்து வேலை செய்யவில்லை என்று அலைய வேண்டாம். காய்ச்சல், தலைவலி, வாந்தி, சோர்வு வந்தாலோ வீக்கம் முழங்கைக்கு ஏறினாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூளைக்காய்ச்சலாக மாறினால் காப்பாற்றுவது கடினம்.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது அநேகமாகத் தொற்றாது. மற்ற பிள்ளைகள் இவனோடு விளையாடலாம், புண்ணை மட்டும் துணியால் மூடி வையுங்கள். ஆனால் அந்தக் கறியை அறுத்தவர்களையும் தின்றவர்களையும் கவனிக்க வேண்டும். வயிற்றுவலி, வாந்தி, இரத்தப்போக்கு என்றால் தாமதிக்கக் கூடாது. 'குழம்பில் கொதித்தால் எல்லாம் செத்துவிடும்' என்பார்கள். வித்துகள் கொதிநீரையும் தாங்கும். ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். மிச்சக் கறியை அழிக்கவும் மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி போடவும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.