கொங்காணி போட்ட நாயகன்: மலையகத்தில் மாயசக்திப் படம் எடுப்பது பற்றிய கேள்வி பதில்

2000இல் வெளிவந்த எம். நைட் ஷியாமளனின் ‘அன்பிரேக்கபிள்’ படத்தின் பாணியில், கையில் இருக்கும் போனாலேயே குறும்படம் எடுக்க முனையும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, பறக்கிறது, கட்டடம் இடிக்கிறது ஒன்றுமே இல்லாமல் அது எப்படி சூப்பர் ஹீரோ படம் ஆகிறது? எங்களிடம் உடை தைக்கவும் காசு இல்லை.

தம்பி, காமிக்ஸ் நாயகனுக்கு வேண்டியது எல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. சக்தி, பலவீனம், உடை, எதிராளி, ஒன்றும் குறையவில்லை. பெயர்ப்பலகை மட்டும்தான் மாட்டவில்லை. ரயில் விபத்தில் கூட இருந்தவர்கள் எல்லாம் செத்துப்போக, ஒரு கீறலும் இல்லாமல் எழும்புகிறார் டேவிட் (புரூஸ் வில்லிஸ்). விளையாட்டரங்கில் காவலாளி வேலை. எதிரே, தொட்டால் எலும்பு முறியும் பிறவி நோயோடு இலைஜா (சாமுவேல் எல். ஜாக்சன்). ஒருவருக்கு உடம்பில் எதுவும் உடையாது, மற்றவருக்கு எல்லாம் உடையும். கதை அந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

டேவிட்டின் உடை என்ன? காவலாளிக்குக் கொடுத்த மழைக்கோட்டு, அவ்வளவுதான். தலைமூடியைப் போட்டதும் அது நாயகனின் மேலங்கி ஆகிவிடுகிறது. உங்களுக்கு அதைவிட நல்லது வீட்டிலேயே கிடக்கிறது. ஒரு சாக்கை எடுத்து, அடியில் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளுங்கள். கூம்பாகத் தலைமூடி வரும், முதுகு முழுக்க மூடும். நம் ஆட்கள் மழைக்குப் போடும் அதே கொங்காணி. இடுப்பில் படங்கு (தடித்த துணி) கட்டினால் உடை முடிந்தது. வெளிச்சத்தை முதுகுப் பக்கம் வையுங்கள். முகம் இருட்டில் போய், சாக்கின் பிசிறு மட்டும் ஒளியில் தெரியும். புது சாக்கு வேண்டாம், அச்சடித்த எழுத்து படத்தில் விழும். நாலு தரம் துவைத்த பழையதே நல்லது.

மஸ்கெலியாவிலிருந்து: டேவிட்டுக்குத் தண்ணீர்தானே பலவீனம்? எங்கள் நாயகனுக்கும் அதையே வைத்தால் காப்பி என்பார்களா?

அதையே வைத்தால் காப்பிதான். ஆனால் அது ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கேயும் இருக்கும், கொடூரமாகத் தெரியாது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தண்ணீருக்குப் பயந்தவன் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு இறங்கவே முடியாது, கதை அங்கேயே நின்றுவிடும். நாயகன் தினமும் தொட வேண்டிய ஒன்றை, ஆனால் சில நேரம் மட்டும் தொடுகிற ஒன்றைப் பலவீனமாக வையுங்கள். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் சூடான காற்று, கவ்வாத்துக் கத்தியின் இரும்பு, பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு) அடிக்கும் மணிச் சத்தம், இப்படி. ஒன்று போதும். இரண்டாவதைச் சேர்த்தால் பார்க்கிறவருக்கு விதி மறந்துபோகும்.

ஹட்டனிலிருந்து: டேவிட்டுக்குப் பச்சை, இலைஜாவுக்கு ஊதா என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். நாங்களும் நாயகனுக்குப் பச்சைச் சட்டை போட்டோம். படத்தில் ஆளையே காணோம்!

காணாமல்தான் போவார். பிலடெல்பியா நகரத்தின் சாம்பல் சுவர்களுக்கு முன்னால் பச்சை ஒரு நிறம். தேயிலை மலையில் அதுதான் பின்னணி. அதே படத்தில் டேவிட் கண்டுபிடிக்கும் கொடியவன் செம்மஞ்சள் உடையில் வருகிறான், கூட்டத்தில் கண் உடனே அவனிடம் போகிறது. பச்சைக்கு எதிரே செம்மஞ்சளும் சிவப்பும் நன்றாக நிற்கும். நாயகனுக்குக் கறுப்புக் கம்பளி அல்லது சாக்கின் பழுப்பு, எதிராளிக்கு ஊதாவோ சிவப்போ கொடுங்கள். பிறகு எடிட்டிங்கில் பச்சையின் செறிவை (சாச்சுரேஷன்) மட்டும் கால்பங்கு குறையுங்கள். முழுப் படத்தின் செறிவையும் குறைத்தால் முகங்கள் செத்துப்போகும். முக்கியமாக, படச்சட்டத்துக்குள் கிடக்கும் நீலத் தார்ப்பாயையும் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியையும் எடுத்து ஒளித்து வையுங்கள். நிறத்துக்குப் பொருள் கொடுத்த படத்தில் வாளியும் ஒரு பாத்திரம் ஆகிவிடும்.

நானுஓயாவிலிருந்து: அண்ணா, பனிமூட்டத்தில் எடுத்தால் படம் தானாகவே வெளுக்கிறது, இருளுகிறது. குவியமும் (ஃபோகஸ்) போய்ப் போய் வருகிறது.

போனில் தானாக மாறும் குவியம், ஒளியளவு (எக்ஸ்போஷர்), வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றும் உங்களோடு சண்டை போடுகின்றன. பனிமூட்டத்தில் பிடித்துக்கொள்ள விளிம்பு இல்லாததால் குவியம் தேடுகிறது. மூட்டம் அடர்ந்து கலையும்போது ஒளியளவு துள்ளுகிறது. செய்ய வேண்டியது: வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50, வெண்சமநிலை 5600 கெல்வின், மூன்றையும் பூட்டுங்கள். நடிகர் நிற்கும் தூரத்தில் ஒரு கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லி, அதில் குவியம் வைத்துப் பூட்டுங்கள். ஒளியளவை அரை ஸ்டொப் முதல் ஒரு ஸ்டொப் வரை குறையுங்கள். வெளுத்துப்போன மூட்டத்தை எடிட்டிங்கில் மீட்கவே முடியாது. 24 பிரேம் வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் லயத்து காம்பராவில் (அறையில்) மின்குமிழ் எரியும்போது 24 பிரேமுக்குரிய 1/48 ஷட்டரில் ஒளிப்பட்டை ஓடும்.

இன்னொன்று. குளிரில் வெளியே இருந்த போனை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். உள்ளே போகும் முன்பே வாயிறுக்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். துடைத்துத் துடைத்து எடுத்தால் மறுபடி மறுபடி படியும்.

அப்புத்தளையிலிருந்து: ரயில் இருக்கைகளுக்கு நடுவே கேமரா இப்படியும் அப்படியும் போகும் அந்தக் காட்சியைக் கோச்சியில் எடுக்கலாமா?

எடுக்கலாம். முதலில் ரயில்வே திணைக்களத்தின் அனுமதி, அது இல்லாமல் தொடங்காதீர்கள். அந்தக் காட்சியின் அழகு வெட்டே இல்லாததுதான். முன் இருக்கையில் இருக்கும் சிறுமி இடுக்கால் பார்ப்பது போல, டேவிட்டிடமிருந்து பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம், மறுபடி அவரிடம் என்று போய் வருகிறது. காமிக்ஸ் புத்தகத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண் போகிற மாதிரியே.

போனை முன் இருக்கை முதுகில் சாய்த்து, கீழே மடித்த துவாயை வையுங்கள். இடமிருந்து வலம் நகர்த்த 2 வினாடி. அதைவிட வேகமாகப் போனால் குலுக்கல் தெரியும். சுரங்கத்துக்குள் போகும்போது ஒளியளவைப் பூட்டி இருந்தால் சட்டம் முழுக்கக் கறுக்கும். அதைப் பயன்படுத்துங்கள், பட்டிப்பொல தாண்டியதும் வரும் சுரங்கத்தில் யாரோ எழும்பிப் போயிருக்கலாம். உரையாடலை அங்கே பதியாதீர்கள், பிறகு குரல் கொடுங்கள்.

சட்டம் காமிக்ஸ் கட்டம்போல நீளமாக வர வேண்டும் என்றால் 1920க்கு 1080 பதிவில் மேலும் கீழும் 138 புள்ளி மறையுங்கள். எடுக்கும்போதே போன் திரையில் டேப் ஒட்டிக்கொண்டால் தலை வெட்டுப்படாது.

பண்டாரவளையிலிருந்து: இலைஜாவைக் கண்ணாடியிலும் டீவித் திரையிலும் காட்டுகிறார்களே, அலுமாரிக் கண்ணாடியில் செய்தோம். ஆள் மங்கல், போன் தெளிவு!

தங்கச்சி, கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டுக் குவியம் வைத்திருப்பீர்கள். பிம்பம் கண்ணாடிப் பரப்பில் இல்லை, அதற்கு அப்பால் இருக்கிறது. போனிலிருந்து கண்ணாடிக்கு 1 மீற்றர், கண்ணாடியிலிருந்து ஆளுக்கு 2 மீற்றர் என்றால் குவியம் 3 மீற்றரில் இருக்க வேண்டும். பிம்பத்தின் கண்ணைத் தொட்டுப் பூட்டுங்கள். போன் தெரியாமல் இருக்க நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள், போனுக்குக் கறுப்புத் துணி போர்த்துங்கள். விளக்கு ஆள்மேல் மட்டும் விழட்டும்.

கொட்டகலையிலிருந்து: நாயகனின் பலத்தைப் பாரம் தூக்கித்தான் காட்ட வேண்டுமா?

அந்தப் படத்தில் மகன் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், கடைசியில் பெயின்ட் வாளியும் தொங்குகிறது. பலத்தை நம்ப வைப்பது தசை அல்ல, ஏறும் எண்ணும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகமும்தான். உங்களிடம் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. 20, 40, 50 என்று முள் போகட்டும். முள்ளைத் தனியாக எடுங்கள், 50 கிலோ சீமெந்து மூட்டையைத் தொங்கவிட்டு. நடிகரின் கூடையில் அடியில் 6 கிலோ அரிசி, மேலே கசக்கிய பேப்பர், அதன் மேல் ஒரு படை கொழுந்து. 6 கிலோவாவது இல்லாவிட்டால் தலைக்கயிறு நெற்றியில் பதியாது, பொய் அங்கேதான் பிடிபடும். யார் தலையிலும் உண்மையான பாரத்தை ஏற்றாதீர்கள்.

மாத்தளையிலிருந்து: சக்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு ரோதை முனியைச் சொல்லலாமா?

ரோதை முனி ஸ்டோரின் சக்கரத்தைக் காக்கும் சாமி. கும்பிடுகிறவர்கள் படம் பார்ப்பார்கள், கெட்டவராகக் காட்டாதீர்கள். கோயில் கமிட்டியிடம் கேட்டுவிட்டே ஸ்டோருக்குள் கேமரா போகட்டும். எனக்குப் பட்டதைச் சொன்னால், இதைவிடப் பொருத்தமானது காமன் கூத்து. சிவன் எரித்த மன்மதன் உயிர் பெற்றும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். மாசியில் வேடம் கட்டிய இளைஞன் கூத்து முடிந்தும் ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்றால், சக்தி, விதி, வலி மூன்றும் ஒரே அடியில் கிடைக்கிறது. வேடம் கட்டும் ஆசிரியரிடம் முதலில் உட்கார்ந்து கதையைக் கேளுங்கள்.

இறம்பொடையிலிருந்து: ட்ரோன் காட்சி?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இந்த மாதிரிப் படத்துக்கு அது தேவையும் இல்லை. கேமரா நாயகனின் தோள் உயரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.